ஐந்தாவது திரை

எங்கள் தெருவில் நடந்ததை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் அது எப்படி நடந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் அதைக் கேட்கவே இல்லை, ஏனென்றால் வெறும் வெள்ளைக் காகிதம் அச்சு மெஷினின் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் மகாலட்சுமியாக வெளியே வருவதைப் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற சிவகாசிக்காரர்களுக்கு எப்படி என்பது ஒரு கேள்வியே இல்லை, எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

தவமணி எங்கள் தெருவில் காலண்டருக்குச் சாமி படம் செய்கிறவள். அவள் செய்த முருகன், நாம் வாசலில் நின்றாலும் அடுப்படியில் நின்றாலும் நம்மையேதான் பார்ப்பார். அவள் செய்த மீனாட்சியின் கைக்கிளி இப்போது பறந்துவிடும் என்று எங்கள் வீட்டுப் பூனைகள் காலண்டருக்குக் கீழேயே படுத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவளுக்கு, அடுத்த வருசக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும் ஆடிப் பதினெட்டு நெருங்கினாலே கோபம் தலைக்கேறும், ஏனென்றால் இருந்த ஒரே பழைய மானிட்டரில் சாமியின் முகத்தைப் பெரிதாக்கினால் பாதம் மறைந்து, பாதத்துக்கு இறங்கினால் மயில் மறைந்து, மயிலைச் சரிசெய்துவிட்டு ஏறி வந்தால் முகத்தில் என்ன செய்தோம் என்பதே மறந்து, குருடர்கள் யானை பார்த்த கதையாக அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு நாளாவது சாமிய முழுசாப் பாத்துட்டுச் சாகணும்" என்று சொல்லி, சாத்தூரிலிருந்து எட்வினை வரவழைத்தாள்.

எட்வின் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். குறைவாகப் பேசுவான், பேசினால் குறையாகத்தான் பேசுவான். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்து, இருக்கிற போர்டில் ஒரு மானிட்டருக்குத்தான் வழி உண்டு, இவளோ நாலு ஃபோர் கே மானிட்டர் கேட்கிறாள், அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், கார்டு போட்டால் இந்தப் பவர் சப்ளை மூச்சு வாங்கும் என்று வரிசையாகக் குறை சொல்லிவிட்டு, அத்தனையையும் தீர்க்கிற சாமான்களைப் பையிலிருந்து எடுத்தான். பவர் சப்ளையை மாற்றினான். இரண்டு ஃபேன் வைத்த, செங்கல் கனமிருந்த கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினான். எங்கள் ஊரில் புதிய மெஷின் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுவதில்லை என்பதால் தவமணி குங்குமச் சிமிழோடு குனிந்தாள்.

"அக்கா, ஃபேனுக்குள்ள போயிரும். பொட்டியில வைங்க."

"பொட்டிக்கு ஏற்கெனவே வச்சிருக்கேன்டா. புதுசா வந்தது இதுதானே."

கடைசியில் கார்டின் இரும்புப் பட்டையில் ஒரு புள்ளி மட்டும் வைக்க அனுமதித்தான். நாலு ஒயரைப் பின்னால் செருகிச் சுவிட்சைப் போட்டதும் நாலு மானிட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன. தவமணி முருகனைத் திறந்தாள். கிரீடம் முதல் பாதம் வரை, மயிலின் கடைசிப் பீலி வரை மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறைந்து நின்றார். தான் செய்த சாமியைத் தானே முதல்முறையாகத் தரிசித்து அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அஞ்சு காட்டுது," என்றான் எட்வின்.

எந்த மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நாலு கட்டங்கள்தான் இருக்க வேண்டும். நாலுக்கும் வலப்பக்கத்தில் ஐந்தாவதாக இன்னொன்று இருந்தது, மற்ற நாலையும் சேர்த்தாலும் அதில் கால்வாசிக்குக் காணாது.

"அஞ்சாவது எங்கடா இருக்கு?"

"தெரியல. ஆனா நல்லா வேலை செய்யிது."

மவுஸை வலப்பக்கம் தள்ளினான். அம்பு நாலாவது மானிட்டரின் ஓரத்தைக் கடந்து, சுவரைக் கடந்து, எதிரேயிருந்த தீப்பெட்டிக் குடோனின் சுவரில் ஒரு கட்டில் நீளத்துக்கு வெள்ளையாக ஊர்ந்தது. டீக்கடை வேலாயுதம் அண்ணாச்சி வடிகட்டியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா தவமணி, ஒன் அம்பு வெளிய வந்துருச்சு" என்று சத்தம் கொடுத்தார். "இருங்கண்ணாச்சி, எடுத்துக்கிடுறேன்" என்றாள் இவள்.

அன்றைக்கே அவள் மயிலைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தப் போய், அது கைதவறித் தெருவில் விழுந்தது. டீக்கடைக்கு முன்னால் தோகையை விரித்து நின்ற மயிலைச் சுற்றி எங்கள் தெருவே கூடியது. பிளேட் போடுகிறவர்கள், மெஷின்மேன்கள், கட்டிங் போடுகிறவர்கள் என்று எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கழுத்தில் நீலம் கொஞ்சம் தூக்கல் என்றார்கள், பீலி ஓரத்தில் வெள்ளை தெரிகிறதே, கத்தரித்தது சரியில்லை என்றார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மயிலுக்கு நிழல் விழவில்லை என்று கண்டுபிடித்தார்கள். மறந்துவிட்டேன் என்று தவமணி உள்ளேபோய் நிழலையும் இழுத்துவிட்டாள். அதன்பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை. மயில் அகவவில்லை, படத்தில் சத்தம் கிடையாதே என்று நாங்களே புரிந்துகொண்டோம்.

இப்படியாக அந்த ஐந்தாவது திரை எங்கள் தெருதான் என்பது தெரிந்து போயிற்று, தெரிந்தபின் அதுவும் குழாய்த் தண்ணீர் மாதிரி, கரண்ட் மாதிரி ஒரு வசதியாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வந்து ஒரு ஆலமரம் கேட்டார்கள்; அவள் அவசரத்தில் எங்கிருந்தோ எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி இழுத்துவிட, இலையெல்லாம் கட்டம் கட்டமாக, நிழலெல்லாம் சல்லடையாக, கீழே உட்கார்ந்தவர்களின் முதுகில் வெயில் சதுரம் சதுரமாகச் சுட்டது. "ரெசல்யூசன் பத்தல தாயி" என்று அவர்களே சொன்னார்கள், ஆட்டோ ஓட்டினாலும் சிவகாசிக்காரன் சிவகாசிக்காரன்தானே. நல்ல படமாகப் பார்த்து இன்னொன்று இழுத்தாள், அதன் அடியில் துண்டை விரித்துப் படுத்தவர்கள் சவாரிக்கே போகவில்லை. கோயிலுக்கு ஒரு தாமரைக் குளம், கல்யாண வீட்டுக்கு வாழைமரங்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். மேகம் மட்டும் கேட்கக்கூடாது என்று தெருவே கூடி முடிவெடுத்திருந்தோம்; பேப்பர் நமுத்துவிடும், காய்கிற தீக்குச்சியும் திரியும் நமுத்துவிடும், வெயிலைத் தின்று வளர்ந்த ஊருக்கு மேகம் ஆகாது.

எதுவும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டின போஸ்டரில் முதலில் மஞ்சளும் சிவப்பும் போய் நீலம் மட்டும் மிஞ்சுமே, அதேபோல் மயிலும் மரமும் குளமும் வெயிலில் வெளுத்து, நீலம் பாரித்து, ஒரு காலையில் காணாமல் போயின. இழுத்துவிட்டது இழுத்துவிட்டதுதான், கம்ப்யூட்டரில் தேடினால் அந்த இடம் காலியாக இருக்கும். எங்களுக்கு இதிலும் வருத்தமில்லை, வருசம் முடிந்தால் காலண்டரைக் கழற்றத்தானே செய்கிறோம்.

மாரிக்கனி வந்து கேட்கும்வரை இப்படித்தான் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

மாரிக்கனி காலண்டருக்கு மேலே தகரப் பட்டை அடிக்கிற வேலைக்குப் போகிறவள். அவள் புருசன் சோலைராஜ் போன வருசம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்தான். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்ததை யாரும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் விடவில்லை. பார்க்கிற மாதிரி அதில் ஒன்றுமில்லை என்று ஆம்பளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மாரிக்கனி அழவில்லை. மறுநாளிலிருந்து வழக்கம்போல வேலைக்குப் போனாள், வழக்கம்போல இரண்டு பேருக்கு உலை வைத்தாள், அவன் சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பித்துப் பிடித்தவள் இல்லை. சீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பவிடமாட்டாள், பேச்சில் ஒரு வார்த்தை பிசகாது. சோறு மட்டும் இரண்டு பேருக்கு. நாங்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம், சொந்தக்காரர்கள் அதட்டிப் பார்த்தார்கள், பூசாரி வேப்பிலை அடித்துப் பார்த்தார். எதற்கும் அவள் மறுத்துப் பேசவில்லை, சாயங்காலமானால் உலை வைத்தாள்.

"மதினி, அவுகளக் கொஞ்சம் இழுத்து விடுங்களேன்," என்று அவள் தவமணியிடம் கேட்டாள், பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற மாதிரி.

தவமணிக்குக் கை நின்றுவிட்டது. "மயிலு வேற, மனுசன் வேற மாரி."

"நா அவுகளப் பாக்கலைல மதினி. எல்லாரும் செத்துட்டாக செத்துட்டாகன்னு சொல்லுதீக. போனவுக மொகத்த நா பாக்கவே இல்லையே."

இல்லையென்று சொல்ல தவமணிக்கு வாய் வரவில்லை. சோலைராஜின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் செய்ததே அவள்தான், அந்த ஃபைல் இருந்தது. அதைத் திறந்து, மார்போடு நின்றிருந்த படத்துக்கு எங்கிருந்தோ பேன்ட்டும் பூட்ஸும் எடுத்துப் பொருத்தி, நிழலையும் மறக்காமல் போட்டு, வலப்பக்கமாக இழுத்துவிட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவரை எவனும் கோட்டுப் போடுவதில்லை. செத்தால் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். ரேஷன் கார்டிலிருந்தோ வேறெதிலிருந்தோ ஒரு தலையை எடுத்து, தயாராக வைத்திருக்கிற கோட்டு உடம்பில் பொருத்தி, நிறத்தை இரண்டு படி ஏற்றி, தழும்பு மரு எல்லாம் துடைத்து, நரையைக் கருக்கி ஒட்டினால்தான் போஸ்டர். அப்படிச் செய்யாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று வீட்டார்கள் சண்டைக்கு வருவார்கள். தவமணியின் கை அதில் பழகிய கை.

ஆகவே தெருவில் வந்து நின்றது சிவந்த மேனியும் மழமழத்த முகமுமாக, டை கட்டிய ஒரு கனவான். வேலாயுதம் அண்ணாச்சி தன்னை அறியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மாரிக்கனி வந்தாள். காலண்டரில் பட்டை கோணியிருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்காக," என்றாள். "ஆனா இவுக எங்க வீட்டு ஆளு இல்ல மதினி."

சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். கோட்டுக்காரர் எங்கே போவார் பாவம், டீக்கடை ஓரத்திலேயே நின்றார். நாங்கள் ஒரு நாற்காலி போட்டோம். வருகிறவர் போகிறவர் பையை அவர் மடியில் வைத்துவிட்டு டீ குடித்தார்கள், அவரும் மறுக்காமல் பிடித்துக்கொண்டார், பிறகு மெல்ல மெல்ல நீலமாகிக் கரைந்து போனார். நல்ல மனிதர், யாருடைய கணவர் என்றுதான் தெரியவில்லை.

தவமணியால் தாங்க முடியவில்லை. எத்தனையோ பேர் கண்ணீரோடு வாங்கிப் போன போஸ்டர்களில் ஒருவராவது இது எங்கள் ஆள் இல்லை என்று சொன்னதில்லை. சொன்னவள் இவள் ஒருத்திதான், இவள் சொன்னதுதான் உண்மை. மறுநாள் மாரிக்கனியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ஒன் புருசன நீ சொல்லு. நா செய்யிதேன்."

போஸ்டர் செய்வதற்காக அன்றைக்கு மாரிக்கனி வீட்டிலிருந்து வந்த பழைய போட்டோ, தபால்தலை அளவு. அதை நாலு மானிட்டரிலும் விரித்தால் முகமே இல்லை, தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பழுப்புச் சதுரங்கள்தான். அந்தச் சதுரங்களுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தகர வேலை முடிந்து மதியத்துக்குமேல் மாரிக்கனி வருவாள். புருவத்துக்கு மேலே வெடிமருந்து தெறித்த தழும்பு என்பாள், தவமணி வைப்பாள், "இன்னுங் கொஞ்சம் கீழ மதினி, அது தேச்சுத் தேச்சுப் பளபளன்னு இருக்கும்" என்பாள், தவமணி பளபளப்பாக்குவாள். காது மடலில் இருந்த கிழிசல், முன்பல்லில் பீடிக் கறை, என்ன சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத பட்டாசு வெள்ளிப் பவுடர், காதோரம் நரையா பவுடரா என்று தெரியாமல் மினுங்கும் முடி, ஆலைக்குப் போகிற வேட்டி சட்டை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

"கோவக்காரரு மதினி."

"கோவத்த எங்கடி வைக்க?"

"மூக்குல வைங்க. மூக்குதான் மொதல்ல வெடைக்கும்." கொஞ்சம் யோசித்து, "ரொம்ப வேண்டாம்" என்றாள். "என்னப் பாத்தா எறங்கிரும்."

ஒரு மானிட்டரில் கண், ஒரு மானிட்டரில் வாய் என்று சதுரங்கள் கரையக் கரைய ஃபைல் கனத்தது. கார்டின் இரண்டு ஃபேன்களும் இரைகிற இரைச்சல் தெரு முனைவரை கேட்டது. வோல்டேஜ் இறங்கினால் எங்கே அது நின்றுவிடுமோ என்று, நாங்கள் யாரும் யாருக்கும் சொல்லாமலேயே கிரைண்டரை நிறுத்தினோம், மோட்டாரை நிறுத்தினோம், ஒரு பைண்டிங் ஆபீசில் மெஷினையே நிறுத்திவிட்டுக் கையால் மடித்தார்கள். ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது, முருகன் அரைகுறையாகக் கிடந்தார், காலண்டர் முதலாளிகள் காரில் வந்து இறங்குவதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவதுமாக இருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் ஊரைப் பற்றி எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

எட்வின் வந்து கார்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு உதறினான். "அக்கா, இம்புட்டுப் பெரிய படத்த இது ஒரு தடவதான் இழுக்கும். அப்புறம் கார்டு போயிரும்."

"போனா வேற போட்டுக்கிடலாம்."

"வேற போடலாம். ஆனா அஞ்சாவது வருமான்னு சொல்ல முடியாது."

தவமணி மாரிக்கனியைப் பார்த்தாள். முகம் முடிந்திருந்தது, நாலு மானிட்டரையும் நிறைத்துக்கொண்டு சோலைராஜ், லேசாகக் கோபம் இறங்கிய மூக்கோடு, இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். "மாரி, இழுத்தா வெளுத்துப் போயிருவாக. இதுக்குள்ளயே இருந்தா என்னைக்கும் இருப்பாக. நெனச்சப்ப வந்து பாத்துக்க. யோசிச்சுச் சொல்லு."

மாரிக்கனி யோசித்தாள். கையை நீட்டி, திரையில் அவன் கன்னம் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி.

"வீட்டுலருந்து நடந்து போன மனுசன் மதினி," என்றாள். "தெருவுலதான் பாக்கணும்."

மறுநாள் காலையில், பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் வருகிற நேரத்தில் தவமணி அவனை இழுத்தாள். ஃபேன்கள் ஒருமுறை ஓலமிட்டு நின்றன, நாலு மானிட்டரும் கருத்தன. சோலைராஜ் அழுக்கு வேட்டியும் பருத்திச் சட்டையுமாகத் தெருவில் நின்றான். யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை, ஓரம் சரியா நிழல் சரியா என்று ஒருவரும் பார்க்கவில்லை. வேலாயுதம் அண்ணாச்சி அவனுக்குப் பிடித்த மாதிரி சீனி குறைத்து ஒரு டீயைப் போட்டு, போட்டுவிட்டபிறகுதான் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்.

மாரிக்கனி வாசலைவிட்டு இறங்கி வந்தாள். அவசரப்படவில்லை. தழும்பைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கையைப் புரட்டி நகத்தைப் பார்த்தாள். அவன் சட்டையில் மேல் பித்தான் போடாமல் இருந்தது, அதைப் போட்டுவிட்டாள். அவன் மூக்கு கொஞ்சம் விடைத்து, அவளைப் பார்த்து இறங்கியது.

"இவுகதான்," என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

அவன் பேச முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும், அதனால் அவளே பேசினாள். "அன்னைக்கு நா வாசல்ல நின்னு போயிட்டு வாங்கன்னு சொன்னேன்ல. சொல்லிட்டு எப்பிடிச் சோறு வைக்காம இருக்க? நீங்க வந்து நின்னா என்ன செய்ய? அதான் வச்சேன். தெனமும் வச்சேன்."

அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

வேலைக்குப் போகிறவரையும் வெளியூர் போகிறவரையும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக்கூட, எங்கள் பெண்கள் யாரும் வெறுமனே போங்க என்று சொல்வதில்லை. வரச் சொல்லாமல் அனுப்பினால் வராமலே போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் உள்ள பயம். மாரிக்கனி அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரி," என்றாள். "போங்க."

அவன் தலையசைத்தான். திரும்பி, வேன் வருகிற பக்கமாக, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழக்கமான அவசர நடையில் நடந்தான். போகப் போக மஞ்சள் போயிற்று, சிவப்புப் போயிற்று, முனை திரும்பும்போது நீலமும் போயிற்று.

மாரிக்கனி தெருவிலேயே, மண்ணிலேயே உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். தவமணி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள், பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் சோலைராஜுக்கு ஒப்பாரி வைத்தார்கள்.